முனீஸ்வரன் கோவில் தெருவில் 400 ரூபாய்க்கு வாங்கிய அகராதி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் அங்கே மரத்தூண், கதவு, எனாமல் பூசிய மங்குச் சாமான், பெல்ஜியம் கண்ணாடி என்று பார்க்க வருவார்கள். நான் போனது ஒரு புத்தகத்துக்காக. அங்கே 400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஓர் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியையும், அதை விற்ற கடையையும் பற்றி எழுதுகிறேன். வாங்கி நாலு மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அதோடுதான் இருக்கிறேன். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லலாம்.

எனக்குப் புதுவயல். அரிசி ஆலை ஒன்றில் 31 வருடம் கணக்கு எழுதினேன். மகள் நர்ஸ். போன ஆடியில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனாள். போய் இறங்கிய மறுநாள் போன் செய்தாள். “அப்பா, ஊர்ப் பேரு ஸ்கன்தோர்ப். இந்தப் பக்கம் பாதி ஊரு தோர்ப்னு முடியுது, மீதி ஊரு பி-னு முடியுது. நம்ம பக்கம் பஸ்ல போனா குடி, பட்டின்னு வருமே, அதே மாதிரி இருக்குப்பா” என்றாள். முன்பின் தெரியாத தேசத்தில் தனியாக நிற்கிற பிள்ளை, முதல் நாளே பஸ் பலகையைப் படித்து நம் ஊரோடு சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அந்தத் ‘தோர்ப்’ என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தச் சொல்லை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் டென்னிசனின் ஓடைக் கவிதை ஒன்று இருந்தது. ஓடை தான் ஓடிவந்த வழியைத் தானே சொல்லும். வழியில் இருபது தோர்ப்புகளைக் கடந்ததாக வரும். “தோர்ப்னா சின்ன ஊரு” என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த வரிக்குப் போய்விட்டார். டென்னிசன் 1809-ல் பிறந்தது லிங்கன்ஷயரில் சோமர்ஸ்பி என்ற ஊரில். என் மகள் வேலை பார்க்கிற ஸ்கன்தோர்ப்பும் லிங்கன்ஷயர்தான், வடக்குப் பகுதி. கவிஞரின் சொந்த ஊரே ‘பி’யில் முடிகிறது. சின்ன வயதில் அவர் காதில் சுற்றிச் சுற்றி விழுந்த சொல்லாகத்தான் அது இருந்திருக்கும்.

வீட்டில் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பார்த்தேன். தோர்ப் என்றால் சிற்றூர் என்று ஒரே வார்த்தையோடு முடித்திருந்தார்கள். ஹேம்லெட்டுக்கும் சிற்றூர், வில்லேஜுக்கும் சிற்றூர். மூன்று சொல்லுக்கும் ஒரே பதில் என்றால் அவர்கள் எதற்காக மூன்று வைத்திருக்கிறார்கள்? கைப்பேசியில் தேடினால் கிடைக்கும்தான். மகள் இரண்டு மூன்று பக்கம் அனுப்பியும் வைத்தாள். ஆனால் எனக்குத் தாளில் பார்த்தால்தான் நிற்கும். பேரேட்டில் ஒரு பற்றைத் தேடும்போது மேலும் கீழும் உள்ள வரிகளிலும் கண் போகுமே, அந்தப் பழக்கம் 31 வருடப் பழக்கம்.

சரி, கடைக்கு வருகிறேன். தெருவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் நடந்தால் வலது கைப் பக்கம். வாசலில் உரல், ஆட்டுக்கல், மரப் பெட்டகம். உள்ளே முதல் அறையில் பித்தளை, வெண்கலம். அடுத்த அறையில் மங்கு. மூன்றாவது அறை இருட்டு. அங்கேதான் காகிதம்: கடல் கடந்த ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள், பழைய கணக்குச் சிட்டைகள், தெய்வப் படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், புத்தகங்கள். இந்தச் சாமான்களெல்லாம் எப்படிக் கடைக்கு வந்தன என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒரு வளவை, அதாவது பழைய செட்டிநாட்டு வீட்டை, பிரித்தால் பர்மாத் தேக்கு ஒரு லாரியில் போகும், ஆத்தங்குடிக் கல் இன்னொன்றில் போகும், சாமான்கள் இந்தத் தெருவுக்கு வரும். பித்தளைக் குடத்தில் வீட்டு விலாசத்தை வெட்டியிருப்பார்கள். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த குடம் அது. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் உடைத்து உருக்குவதைவிடக் கடையில் இருப்பது மேல் என்று கடைக்காரத் தம்பி சொன்னார். அதையும் மறுக்க முடியவில்லை.

புத்தகங்கள் தரையில் சணல் கயிற்றால் கட்டிக் கிடந்தன. நாலாவது கட்டில் இந்த அகராதி இருந்தது. முகப்புத் தாளும் அடுத்த இரண்டு தாளும் இல்லை. அதனால் அகராதியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசித் தாளின் அடியில் எடின்பரோவில் அச்சிட்டது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்தது. உள் அட்டையில் ஒரு ரப்பர் முத்திரை. விலாச எழுத்துகள் அழிந்துவிட்டன. ‘மொகல் தெரு, ரங்கூன்’ மட்டும் தெளிவாக இருக்கிறது. செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. எடின்பரோவிலிருந்து ரங்கூன் போய், அங்கே யாரோ ஒருவர் மேசைமேல் இருந்து, கப்பலேறிச் செட்டிநாட்டுக்கு வந்து, ஏதோ ஒரு பெட்டகத்தில் பல வருடம் கிடந்து என் கைக்கு வந்திருக்கிறது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பர்மாவிலிருந்து எத்தனையோ பேர் கையில் ஒன்றுமில்லாமல் நடந்தே வந்தார்கள். இந்தப் புத்தகம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இவ்வளவு கனத்தை யாரும் சுமந்து நடந்திருக்க மாட்டார்கள். ஆலைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 2 கிலோ 300 கிராம்.

தம்பி 650 சொன்னார். நான் 350 கேட்டேன். “ஐயா, எடைக்குப் போட்டா நூறு ரூபாகூடத் தேறாது, ஆனா படிக்கிறவுக கையில போகணும்னுதான் வச்சிருக்கேன்” என்றார். 400-க்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ‘டி’ பகுதியைத் திறந்தேன். தோர்ப்புக்கு அகராதியில் எட்டு வரிதான். அந்த எட்டு வரியைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தே இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது. நட்டு வைத்த குச்சியின் நடுவில் ஓர் அரைவட்டம் ஒட்டியது போல ஒரு எழுத்து, பெயர் ‘தோர்ன்’. ஒரே எழுத்திலேயே ‘த்’ என்று ஒலிக்கும். பின்னால் அது வழக்கிழந்து, டி-யும் ஹெச்-சும் சேர்த்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சொல்லே பழைய ஆங்கிலத்தில் இரண்டு விதமாக இருந்திருக்கிறது: தோர்ப், த்ரோப். நாம் குதிரையைச் சிலர் குருதை என்று சொல்லக் கேட்கிறோம் அல்லவா, அதே மாதிரி எழுத்து இடம் மாறியிருக்கிறது.

அப்புறம் உறவுமுறை. ஜெர்மனில் டோர்ஃப், டச்சில் டோர்ப், ஸ்வீடனில் டோர்ப். ஜெர்மனியில் இருக்கும் டுஸல்டோர்ஃப் எவ்வளவு பெரிய நகரம்! பெயரின் பொருள் டுஸல் ஓடைக்கரை ஊர், அவ்வளவுதான். ஸ்வீடனில் டோர்ப் என்றால் குடியானவர் ஒருவர் குத்தகைக்கு வைத்திருக்கும் சின்ன வீடும் துண்டு நிலமும். ஐஸ்லாந்து மொழியில் இதே வேரிலிருந்து ‘கூட்டமாக நெருங்கி வருவது’ என்ற வினைச்சொல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பழைய சாட்சி கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழி. 4ஆம் நூற்றாண்டில் அந்த மொழியில் பைபிளை மொழிபெயர்த்தார்கள். அதில் இந்தச் சொல் வருகிற இடத்தில் பொருள் ஊர் இல்லை, வயல்.

வயல்! நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் ஊர் புதுவயல். 1979-ல் சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “இது ஊர்ப் பேரா, வயக்காட்டுப் பேரா?” என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. நிலத்தைத் திருத்தி முதலில் வயல் உண்டாக்கினார்கள், வயலைப் பார்த்துக்கொள்ள அங்கேயே வீடு கட்டினார்கள், வீடுகள் சேர்ந்து ஊரானது, வயல் என்ற பெயர் ஊருக்கு நின்றது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் ரயில் நிலையத்தின் பெயர் கண்டனூர் புதுவயல். ஒரே பலகையில் ஊரும் இருக்கிறது, வயலும் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே மகளுக்குப் போன் போட்டு, “நீ இருக்கறதும் ஒரு வயல்தான்மா” என்றேன்.

இந்த அகராதியின் பெரிய பலம், சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு அந்தச் சொல் யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்வது. லிங்கன்ஷயரில் ஏன் இத்தனை தோர்ப் என்பதற்கு அதில் ஒரே வரி: வடவர் குடியேறிய பகுதிகளில் மிகுதி. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க் பக்கத்துக் கடலோடிகள் கிழக்கு இங்கிலாந்தில் படையெடுத்து வந்து, அப்புறம் நிலத்தைப் பங்கு போட்டு அங்கேயே குடியிருந்தார்கள். அவர்கள் கொண்டு வந்த சொல்தான் ‘பி’. அதற்கும் ஊர், பண்ணை என்று பொருள். கூட்டுறவுச் சங்கத்தில் நாம் ‘பைலா’ என்கிறோமே, அதில் முன்னால் நிற்பதும் இதே ‘பி’தான் என்று அகராதி சொல்கிறது. ஊர்ச் சட்டம். நம் ஊர்க் கட்டுப்பாடு என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கடலோடிகள் உள்நாட்டில் வந்து ஊர் கட்டுவது நமக்குப் பழகிய கதை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் நகரத்தார், அதாவது இந்தப் பக்கத்துச் செட்டியார்கள், வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

ஸ்கன்தோர்ப் என்ற பெயர் அகராதியில் இல்லை. ஊர்ப் பெயர்களை அது எடுத்துக்கொள்வதில்லை, இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும். மகள்தான் அங்கே நூலகத்தில் பார்த்துச் சொன்னாள். 1086-ல் இங்கிலாந்து முழுக்க எடுத்த நிலக் கணக்குப் புத்தகத்திலேயே ஊர் இருக்கிறதாம். ஸ்கூமா என்ற வடவர் ஒருவருடைய தோர்ப். 1860-களில் அங்கே இரும்புத்தாது வெட்ட ஆரம்பித்து, உருக்காலைகள் வந்து, ஸ்கன்தோர்ப், ஃப்ராடிங்ஹாம், கிராஸ்பி, பிரம்பி, ஆஷ்பி என்ற ஐந்து ஊர்களும் வளர்ந்து ஒன்றாக ஒட்டிக்கொண்டன. அந்த ஐந்தில் ஒரு தோர்ப், ஒரு ஹாம், மூன்று பி. கடைசியில் மொத்த நகரத்துக்கும் தோர்ப்பின் பெயர்தான் நின்றது.

தோர்ப்பும் ஹேம்லெட்டும் வில்லேஜும் ஒன்றா என்ற என் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. வடவர் பகுதியில் தோர்ப் என்றால் வெறும் சின்ன ஊர் இல்லை. பெரிய ஊர் ஒன்றிலிருந்து பிரிந்து, அதைச் சார்ந்து, அதன் எல்லையில் உண்டான ஊர். நார்ஃபோக்கில் பர்ன்ஹாம் என்ற பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன, அதில் ஒன்று பர்ன்ஹாம் தோர்ப். கடற்படைத் தலைவர் நெல்சன் 1758-ல் பிறந்த ஊர் அது. தாய் ஊரின் பெயரை முன்னால் வைத்து, தோர்ப்பைப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

இதற்குத் தமிழில் சரியான சொல் இருக்கிறது. கிரையப் பத்திரம் எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் தெரியும்: உட்கடை. இன்ன வட்டம், இன்ன குரூப், இன்ன கிராமத்தின் உட்கடை இன்ன ஊர் என்று எழுதுவோம். வரி, கணக்கு எல்லாம் தாய்க் கிராமத்தில். வீடும் கிணறும் உட்கடையில். ஆலைக்காக நெல் வாங்கப் போய் எத்தனையோ உட்கடைகளில் களத்து மேட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறேன். ஆங்கிலம்-தமிழ் அகராதி போடுகிறவர்கள் தோர்ப்புக்கு நேரே உட்கடை என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஒரு சொல்லைப் பார்த்த பிறகு மற்ற ஊர்ச் சொற்களையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. டவுன் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’. பொருள் வேலியடைத்த இடம். ஜெர்மனில் அதே சொல்லுக்கு இன்றைக்கும் வேலி என்றே பொருள். நம் பட்டியும் அப்படித்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடைப்புப் போட்ட இடம் பட்டி. பிள்ளையார்பட்டியில் தரிசனத்துக்கு நிற்கிறவர்கள் யாருக்கும் ஆட்டுப்பட்டி நினைவுக்கு வருவதில்லை, லண்டன் டவுனில் நடக்கிறவர்களுக்கு வேலி நினைவுக்கு வருவதில்லை. ‘ஹாம்’ என்றால் வீடு, இன்றைய ‘ஹோம்’. பர்மிங்ஹாம் என்பது பியோர்மா என்பவருடைய ஆட்களின் இருப்பிடம். நம் குடிக்கும் முதலில் வீடு, குடும்பம் என்ற பொருள்தான், அப்புறம்தான் ஊர். இந்த ஹாம் ஜெர்மானியர்களிடமிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கே ஒரு தடவை சின்னதாகி ஹாமெல், மறுபடி சின்னதாகி ஹாமெலெட், திரும்ப இங்கிலாந்துக்கு வந்தபோது ஹேம்லெட். குட்டிக் குட்டி ஊர். நாடகத்தில் வரும் இளவரசனுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது ஆள் பெயர்.

அன்றைக்கு நகரத்தார் கோவில் ஒன்பதையும் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பார்த்தேன். இளையாத்தங்குடி, இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி: குடி நாலு. மாத்தூர், இரணியூர்: ஊர் இரண்டு. வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி: பட்டி இரண்டு. தனியாக நேமம். வீடும் அடைப்பும் ஒன்பதில் ஆறு. புதுவயலிலிருந்து காரைக்குடி பஸ்ஸில் ஏறினாலும் வயல், கண்டனூர், கோட்டையூர் கடந்து குடியில்தான் இறங்குகிறோம். இத்தனை வருடம் அந்த வழியில் போய்வந்தும் நான் இதை எண்ணிப் பார்த்ததில்லை.

வில்லேஜ் பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. அதிலிருந்து வில்லேஜ். அதே வில்லாவிலிருந்துதான் வில்லன்! பண்ணையில் கட்டுப்பட்டு உழைத்தவனுக்கு அந்தப் பெயர். நாளடைவில் நாகரிகம் இல்லாதவன் என்றாகி, கடைசியில் கெட்டவன் என்றே ஆகிவிட்டது. உழைத்துச் சோறு போட்டவனின் பெயரை வசைச் சொல்லாக்கியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பட்டிக்காட்டான் என்ற சொல்லும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. அந்தச் சென்னை மேசையில் எனக்குக் கிடைத்த பெயரும் அதுதான். வில்லேஜ் வந்த பிறகு தோர்ப் பேச்சிலிருந்து போய்விட்டது. ஊர்ப் பெயர்களின் வாலிலும் கவிதைகளிலும் மட்டும் மிச்சம்.

இனிக் குறைகள். எழுத்து மிகவும் பொடி. எனக்குக் கண்ணாடி போட்டும் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. சுருக்கக் குறிகளை விளக்கும் தாள் முன்பகுதியோடு போய்விட்டதால், எந்தக் குறி எந்த மொழி என்று ஒவ்வொன்றாக நானே கண்டுபிடித்து எழுதி வைத்தேன். பெரிய குறை வேறு. மூன்றாவது வாரம் ‘விக்’ என்ற சொல்லைத் தேடினேன். நார்விச், கிரீனிச் எல்லாவற்றின் வாலும் அதுதான். பார்த்தால் டபிள்யூ பகுதியில் எட்டுத் தாள் இல்லை. கிழிந்த தடம்கூடத் தெரியாமல் பைண்டிங்கிலேயே விட்டுப்போயிருக்கிறது. மனம் மிகவும் சங்கடப்பட்டது. கடையில் அந்த மூன்றாவது அறையில் வெளிச்சம் இல்லாததால் நான் தாள் எண்களைச் சரிபார்க்கவில்லை. விற்கிறவரும் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். தம்பி ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. “ஐயா, 400-ம் திருப்பித் தந்துர்றேன். இல்ல, புத்தகம் வேணும்னா நூறு ரூபாய்க்கு எது வேணுமோ எடுத்துக்கங்க” என்றார். புத்தகத்தை விட எனக்கு மனம் வரவில்லை. மங்கு அறையில் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்தேன். வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு, அடியில் ஸ்வீடன் என்று அச்சு. ராத்திரி மோர் அதில்தான் குடிக்கிறேன்.

‘விக்’கைப் பிறகு பொது நூலகத்தில் வேறோர் அகராதியில் பார்த்தேன். லத்தீன் ‘வீகுஸ்’, பொருள் தெரு, ஊர். கிரேக்கத்தில் அதன் உறவுச் சொல் வீடு, எக்கனாமி என்ற சொல்லின் முன்பாதி. சமஸ்கிருதத்தில் ‘விஶ்’, பொருள் குடியிருப்பு, குடிமக்கள். வைசியர் என்ற சொல் அதிலிருந்துதான். வணிகத்தால் பேர்பெற்ற இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, கிரீனிச்சின் வாலும் வைசியரின் தலையும் ஒன்று என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நம் பேச்சில் ஊறிப்போன கிராமம் என்ற சொல்லையும் அங்கேயே பார்த்துவிட்டு வந்தேன். வேதகாலத்தில் அதற்குக் கூட்டம், ஆட்களின் திரள் என்று பொருள். சங்கிராமம் என்றால் போர், திரளும் திரளும் மோதுவது. ஐஸ்லாந்துக்காரரின் நெருங்கி வருகிற கூட்டமும் இதுவும் எனக்குப் பக்கத்துப் பக்கத்து வீடாகத் தெரிந்தன.

பைண்டிங் தளர்ந்திருந்ததைக் காரைக்குடியிலேயே ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். தைத்து, காலிகோத் துணியில் முதுகு போட்டு, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார். 180 ரூபாய். அரித்த பகுதி போய்விட்டது, எழுத்துக்குச் சேதம் இல்லை. இந்தக் காலிகோவையும் அகராதியில் பார்த்தேன். கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிய துணி என்பதால் அந்தப் பெயர். தமிழிலிருந்து போன சொற்களுக்கும் ஒழுங்காகக் குறிப்பு இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றும் எங்கிருந்து வந்தன என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இதை யார் வாங்கலாம் என்றால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது உதவாது. இன்றைய பொருள், உச்சரிப்பு, வாக்கிய உதாரணம் எல்லாம் புதிய அகராதிகளில் இதைவிட நன்றாக இருக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்து நின்று யோசிக்கிறவர்களுக்கும், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கும் இந்த மாதிரிப் பழைய சொற்பிறப்பு அகராதி ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து தாள் எண்ணைக் கடைசிவரை பாருங்கள், முக்கியமாகக் கடைசி எழுத்துகளில். கடைக்குக் காலையில் போவது நல்லது, மதியத்துக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்துவிட்டால் தம்பிக்கு நின்று பேச நேரம் இருப்பதில்லை. விலையை முதலில் கூட்டித்தான் சொல்கிறார். கேட்டால் குறைக்கிறார். தவறைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறார். எனக்கு அது போதும்.

போன வாரம் போனபோது அதே புத்தகக் கட்டுக்குள் ஒரு பர்மியம்-ஆங்கில அகராதியும் கிடந்தது. அதே ரங்கூன் முத்திரை. தாள்கள் முழுசாக இருக்கின்றன, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். 300 சொல்கிறார். எனக்குப் பர்மியம் தெரியாததால் எடுக்கவில்லை. பர்மா போய்வந்த குடும்பத்தில் யாருக்காவது வேண்டுமானால், மூன்றாவது அறையில் ஜன்னலுக்குக் கீழே, சாமி படங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.